பெரியப்பா கண் வைக்காத ஆட்கள்

சின்னமனூரில் எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் ஒரே மண்டபத்தில்தான் நடந்தன. அதன் பந்திக் கூடத்தில், தெற்குச் சுவர் முழுக்க ஒரு ஓவியம் உண்டு. ஆள் உயரத்தில் ஆண்கள் வரிசையாகச் சீர் கொண்டு வருவார்கள். ஒருவர் தோளில் வாழைத்தார், ஒருவர் தலையில் நெல் மூட்டை, ஒருவர் கையில் தேங்காய் பழம் அடுக்கிய தாம்பாளம். கூடவே ஒரு வண்டி மாடு, பின்னால் மலை. மீசை, வேட்டிக் கரை, பாதத்து வெடிப்புவரை எல்லாம் அச்சாக இருக்கும். கண் மட்டும் இருக்காது. புருவமும் இமையும் போட்டு, நடுவே வெறும் வெள்ளையாக விட்டிருக்கும். ஏழெட்டு வயதில், இலையில் பாயசம் விழுந்த நேரத்தில் தலையை நிமிர்த்தி அவர்களை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். பாயசம் அப்படியே கிடந்தது. பக்கத்தில் இருந்த அத்தை, "சாப்புடு கழுத. கண்ணு இருந்தாத்தான பயம்? இவுக பாத்து ஒனக்குக் கண்ணேறா படப்போகுது?" என்று சிரித்தாள். அவளும் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுவரைப் பார்த்த வரிசை எந்தக் கல்யாணத்திலும் கடைசியாகத்தான் நிறையும்.

வரைந்தவர் என் பெரியப்பா, அப்பாவுக்கு மூத்தவர். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கிணற்றுச் சுவரில் கரிக்கட்டையால் கிறுக்கி அடி வாங்கி, மீசை முளைத்ததும் பட்டாளத்துக்குப் போனவர். பனிமலை எல்லையில் நடந்த போரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சுவர் கிடைத்த இடமெல்லாம் வரைந்தார். கடைப் பலகை, லாரியின் முதுகு, திராட்சைப் பெட்டிக்கு ஒட்டும் படம், ரைஸ் மில், கோயில் மடம் என்று எதையும் விட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேலி பேசுவதில் மன்னன். அவர் வரைந்த சாமிகளுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கண் உண்டு; மாட்டுக்குக்கூட அப்படி ஒரு ஈரமான கண். ஆனால் ஒவ்வொரு பெரிய சுவரிலும் கண் இல்லாத சில ஆண்கள் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்றுவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "பெயிண்டு தீந்து போச்சு" என்பார்.

ஒரே ஒரு தடவை வேறு பதில் சொன்னார். அவர் ஒரு முகத்தை முடித்துவிட்டுப் பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான், தான் வரைந்த முகத்துக்கு நேரே நிற்கவே மாட்டார். நான் போய் நேர் எதிரே நின்றேன். "வழிய மறைச்சுக்கிட்டு நிக்காத தாயி. அங்கன ஓரமா வா" என்றார். யாருக்கு வழி என்றேன். "கண்ணு தெறக்கையில மொதல்ல பாக்க வேண்டியது ஒன்னய இல்ல." அவர் முகத்தில் கேலி துளிகூட இல்லை. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஐயனாருக்கு மண்குதிரை செய்தால் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார்கள். வைக்கிற நேரத்தில் யாரும் எதிரே நிற்கக்கூடாது, கண்ணாடிதான் காட்ட வேண்டும். சாமிக்குச் செய்வதைச் சீர்த்தட்டு தூக்கி வரும் ஆளுக்கு ஏன் செய்ய வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து நானும் அந்தச் சுவர்களை ஓரமாக நின்றுதான் பார்த்தேன்.

பெரியப்பா இறந்த பிறகு, அவர் வரைந்தவற்றில் மிஞ்சியதைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. வேறு யாரும் ஏற்கவில்லை என்பதுதான் உண்மை. தேனியில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராக அலைவேன். பெரும்பாலும் நான் போவதற்குள் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். பொட்டிப்புரம் போகும் வழியில் ஒரு ரைஸ் மில்லில், சுவருக்கு இரண்டு முறை வெள்ளை அடித்திருந்தார்கள். மழைக்குப் பிறகு ஆட்கள் வெள்ளையைத் தாண்டி மேலே வந்துவிட்டதாக மில்காரர் சொன்னார். போய்ப் பார்த்தேன், வந்திருந்தார்கள். பழைய பெயிண்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் சுண்ணாம்பு பிடிக்காது, ஈரம் பட்டால் உதிர்ந்துவிடும் என்று வகுப்பு எடுப்பதுபோல் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர். மாட்டுக்கும் அதே பெயிண்டுதான. மாடு ஏன் வெளிய வரல, ஆளுக மட்டும் வாராக?" என்றார்.

அந்த ஆட்கள் யார் என்பது கம்பத்தில் இருந்த ஒரு முன்னாள் ராணுவக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பெரியப்பாவோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர். நான் கொண்டுபோன புகைப்படங்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "குளிர்ல கேமரா ஓடாது. யாராச்சும் செத்துட்டா ஒங்க பெரியப்பாவத்தான் கூப்புடுவாக. மொகத்த வரஞ்சு குடுக்கணும், ஆள அடையாளம் சொல்றதுக்கு. கடேசி நாள்ல அந்த எடத்தையே விட்டுட்டு எறங்க வேண்டியதாப் போச்சு. ஒடம்புகளத் தூக்கிட்டு வர முடியல. வரஞ்ச படக்கட்டு மட்டும் வந்துச்சு. அதுவும் கோவேறு கழுதையோட ஆத்துல விழுந்துருச்சு." அந்த ஆட்களைக் காணாமல் போனவர்கள் என்று எழுதிவிட்டார்களாம். நாலைந்து பேர் நம் பள்ளத்தாக்குப் பையன்கள். "இந்தா, இவுக அத்தனை பேரும் இங்கன நிக்கிறாகளே" என்று படத்தின் மேல் கையை வைத்தார்.

அன்று பேருந்தில் திரும்பும்போது பையிலிருந்த புகைப்படங்களை வெளியே எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. செத்த முகங்களை வரைந்து வரைந்து மனப்பாடமான ஒருவர், அவர்களுக்கு வேட்டி கட்டி, மீசை முறுக்கி, தோளில் வாழைத்தார் கொடுத்து, ஊர்க் கல்யாணத்துக்கு அழைத்து வந்திருக்கிறார். நாங்கள் அவர்கள் எதிரே உட்கார்ந்து பாயசம் குடித்திருக்கிறோம். பயமாகவும் இருந்தது, பெரியப்பாவை நினைத்து அழுகையாகவும் வந்தது.

போன ஆடியில் மண்டபத்துக்காரர் போன் செய்தார். ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும், அதற்குள் பந்திக் கூடத்தைப் புதுப்பிக்கிறாராம். நான் ஓடினேன். நல்ல மனிதர்தான், தொழில் அவருக்கு முக்கியம். "இந்தச் செவத்தக் காட்டுனாலே பொண்ணு வீட்டுக்காரவுக வேற மண்டபத்துக்குப் போயிர்றாக டீச்சர். ஒண்ணு கண்ணு வச்சிருங்க, இல்லாட்டி டைல்ஸ ஒட்டிருவேன்" என்றார். பழைய சுவரோவியங்களைச் சீர்படுத்தும் பெண் ஒருத்தியை மதுரையிலிருந்து வரவழைத்தேன். அவள் டார்ச் அடித்துப் பார்த்து, கண்கள் தேய்ந்து போயிருக்கும், மற்ற சுவர்களில் அவர் வரைந்த முகங்களைப் பார்த்து அதே பாணியில் வைத்துவிடலாம் என்றாள். தேயவில்லை, வைக்கவே இல்லை என்றேன். அப்படியானால் தொட மாட்டேன் என்றாள். அவள் சொன்னது நியாயம். கண் வைத்தால் அது பெரியப்பாவின் ஓவியம் இல்லை. வைக்காவிட்டால் ஓவியமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், சுவரின் படத்தைப் போனில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிப் புலம்பினேன்.

அந்தப் படம் எந்தெந்தக் கை மாறியதோ, கெங்குவார்பட்டியிலிருந்து ஒரு அம்மா மண்டபத்துக்கே வந்துவிட்டார். எண்பதைத் தொடும் வயது, மெலிந்த உடம்பு, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். நல்ல உச்சி வெயில். ஆடிக் காற்று வெளியே தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. தெருப் பிள்ளைகள் போனில் காட்டிய இந்தச் சுவரில், பட்டாளத்துக்குப் போன தன் வீட்டுக்காரரைப் பார்த்ததாகச் சொன்னார். நான் ஒன்றும் சொல்வதற்குள் நடந்து போய், தாம்பாளம் ஏந்தியவருக்கு முன்னால் நின்றார்.

அந்தத் தாம்பாளம் இடது கையில் இருக்கும். எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒரு பெரியவர் அதைக் காட்டி, சீரை எவனாவது இடது கையில் தூக்குவானா என்று பெரியப்பாவைத் திட்டாமல் இருந்ததில்லை. நானும் அதைப் பெரியப்பாவின் தவறு என்றுதான் நினைத்திருந்தேன்.

"நொட்டாங்கைதான் அவுகளுக்கு" என்றார் அந்த அம்மா. "எங்க கல்யாணத்துல தாலியக் கட்டயிலயும் அந்தக் கைதான் முந்துச்சு. எல்லாரும் சிரிச்சாக."

பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டார். கண் வைக்காததற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். காணாமல் போனவர் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இத்தனை காலம் பொட்டு வைத்திருப்பவரிடம் அதை எந்த வாயால் சொல்வது? தேய்ந்துவிட்டது, சரி செய்துவிடுவோம் என்று பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேணாம் தாயி" என்றார். "சண்ட முடிஞ்ச வருசமே ஒங்க பெரியப்பா எங்க வீட்டுக்கு வந்தாக. மோர் குடுத்தேன். எங்க வீட்டுக்காரவுக எப்ப வருவாகன்னு கேட்டேன். செம்பக் கீழ வச்சிட்டு, என் நெத்தியப் பாத்தாக. ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போயிட்டாக. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவுக சொல்லல, நானும் மறுபடி கேக்கல. யாரும் சொல்லாதவரைக்கும் நடக்காத மாதிரிதானன்னு இருந்துட்டேன்."

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். வீட்டு விளக்கில் பிடித்த மை. மதுரைப் பெண் பதறி என் காதில், அது நிற்காது, ஈரப் பஞ்சு பட்டாலே போய்விடும் என்றாள். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "நிக்க வேணாம். ஒரு தடவ பாத்தாப் போதும்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். யோசித்துச் செய்யவில்லை. மண்டபத்துக்காரர் அந்தச் சுவருக்கு எதிர்வாசலில் சரியாக நடுவில் நின்றிருந்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார். நாங்களும் சுவரோடு சுவராக ஒதுங்கினோம்.

அந்த அம்மா, பந்தி மேசையை ஒட்டிக் கிடந்த முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறி, மோதிர விரலால் மையைத் தொட்டு, ஒரு கண், பிறகு மறு கண். அவ்வளவுதான். இறங்கி நேர் எதிரே நின்றார். கண்ணாடி காட்டவில்லை. தன் முகத்தைத்தான் காட்டினார்.

நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன். நேராகப் பார்ப்பதுபோல் வரைந்த கண், நாம் எங்கே நின்றாலும் நம்மையே பார்ப்பதுபோல்தான் தோன்றும். அது பார்வையின் ஏமாற்று, குழந்தைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஓரமாக நின்ற எனக்கு அந்தப் பார்வை கிடைக்கவில்லை. மதுரைப் பெண்ணையும் சுவரில் இருந்தவர் பார்க்கவில்லை. பிறகு கேட்டேன், அவளே சொன்னாள். ஆடி மாதத்தில் சின்னமனூரில் காற்று நின்றது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்தக் கொஞ்ச நேரம் தகரம் அடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மா அழவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சந்தைக்குப் போய் வந்தவரை வாசலில் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்துட்டாக" என்றார் கடைசியில்.

மண்டபத்துக்காரர் மற்ற ஆட்களைக் கையால் காட்டாமல் பார்வையாலேயே காட்டி, "மத்தவுக வீட்ல இருந்தும் வருவாகளா டீச்சர்?" என்று கேட்டார். தெரியவில்லை, வரலாம் என்றேன். டைல்ஸ் பெட்டிகள் ஏற்கெனவே வந்து கூடத்தின் மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மறுநாள் அவற்றைச் சமையல் கட்டுக்கு மாற்றிவிட்டார். அந்தச் சுவரைப் பற்றி அவர் அதற்கப்புறம் பேச்செடுக்கவே இல்லை. மையும் இந்த மழைக்காலத்தில் பாதி கரைந்துவிட்டது. நான் அதைத் தொடவில்லை.

அந்த அம்மாவைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டுகொண்டார். "பொட்டு நான் பொறந்த வீட்ல இருந்து வச்சுக்கிட்டு வந்தது. அவுகளா குடுத்தாக?" என்று சிரித்தார். தேனி வண்டி வந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி நகரும் நேரத்தில் குனிந்து என்னைக் கூப்பிட்டார்.

"இன்னைக்குத்தான் தாயி, வாசக் கதவுக்குத் தாப்பாப் போட்டுப் படுக்கப் போறேன்" என்றார்.