வள்ளத்தைத் தள்ளிய குரல்

யட்டவத்தையில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஸ்பீக்கர் இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் நசீர், ஃபரீனா ராத்தாவின் தம்பி. "சிவா, ராத்தா மவுத்தாகிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வந்துருங்க" என்றார். தோளில் இருந்த ஸ்பீக்கரோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பாரம் தாங்கவில்லை என்று நினைத்து கல்யாண வீட்டார் ஓடி வந்து பிடித்தார்கள். அவர்கள் நினைத்தது சரிதான்.

மாத்தளையில் மிளகும் கராம்பும் விற்க வந்த எவருக்கும் ராத்தாவின் கடையைத் தெரியும். அவர் பேரம் பேசினால் பஸ் நிலையம் வரை கேட்கும் என்று சொல்வோம். சொன்னதை அவரும் கேட்பார், சிரிப்பார், சத்தத்தைக் குறைக்க மாட்டார். அந்த மனுஷிக்குப் பழைய படங்கள் மேல் ஒரு பைத்தியம். மாதத்தில் ஒரு ஞாயிறு, வியாபாரிகளின் மண்டபத்தில் உலகத்துப் படங்களைக் காட்டிய எங்கள் திரைப்பட வட்டத்துக்கு அவர்தான் தலைவர். அந்தப் பதவியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார், நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். நான் சவுண்ட் செட் வாடகைக்கு விடுகிறவன். ஒருநாள் வேலைக்கென்று போனவன், அங்கேயே தங்கிவிட்டேன்.

எங்கள் மண்டபத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு கேட்டாலும், அம்மன் கோயில் தேர் வீதியில் வந்தாலும், படம் ஓடும், சத்தம் மட்டும் நிற்கும். அதில் ராத்தாவுக்கும் எனக்கும் ஓயாத சண்டை. "வொலியூமைக் குறைச்சாப் போதும்ங்க" என்பேன். "குறைச்சாலும் உங்க பெட்டி இரையுது தம்பி. பாங்கு சொல்றப்போ அந்த இரைச்சலும் வேணாம். வயரையே கழட்டிடுங்க" என்பார். ஓடிக்கொண்டிருக்கிற அம்ப்ளிஃபயரில் வயரைக் கழற்றி மாட்டக்கூடாது என்று பலதரம் சொல்லிப் பார்த்தேன். அவரா கேட்பார்? ஒவ்வொரு தடவையும் கழற்றினேன், மாட்டினேன், மனதுக்குள் திட்டினேன்.

பிறகு கூட்டம் குறையத் தொடங்கியது. சில ஞாயிறுகளில் எங்களைத் தவிர மண்டபத்தில் மின்விசிறிகள்தான் இருந்தன. மண்டபத்துச் செயலாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ராத்தாவின் கடைக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். "ஹோலை டியூஷன் கிளாஸுக்குக் கேக்குறாங்க. அடுத்த படத்துக்கு நானே வந்து உக்காருறேன். ஆள் நெறஞ்சா மட்டும் போதாது, முடியிற வரைக்கும் இருக்கணும். இல்லாட்டி இதோட விட்டுருங்க" என்றார். ராத்தா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாங்க, முன் வரிசையிலயே நாற்காலி போடுறேன்" என்றார். அவர் போனபிறகுதான் ராத்தாவின் முகம் வாடியதைக் கண்டேன். "இது போச்சுன்னா எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்ல தம்பி" என்றார். அவர் அப்படித் தணிந்து பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அடுத்த படம் என்று அவர் தேர்ந்தெடுத்ததைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. கிரேக்க நாவலொன்றைத் தழுவிய பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவே இல்லை, 'வள்ளப் படம்' என்றே சொல்லிக்கொண்டோம். கதை ஒரு தீவில் நடக்கிறது. கடலில் கணவனைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி தன் கையாலேயே ஒரு வள்ளம் கட்டுகிறாள். பெண் கட்டிய வள்ளம் ஊருக்கே ஆகாது என்று சொல்லி, அதைத் தண்ணீரில் இறக்க ஒருவரும் கைகொடுக்க மறுக்கிறார்கள். அதுவோ தனியாளால் நகர்த்த முடியாத பாரம். நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை ராத்தா நூலகத்திலிருந்து எடுத்து வந்து கல்லாவிலேயே வைத்துப் படித்திருந்தார். "கலரும் இல்ல, பாட்டும் இல்ல, யாருங்க பாப்பாங்க?" என்றேன். "நம்ம ஊருக்கு இந்தக் கதை புரியும். நீங்க பெட்டியைக் கொண்டாங்க" என்றார்.

அந்த ஞாயிறு மண்டபம் நிறைந்தது. கடைக்கு வந்தவர்களையெல்லாம் ராத்தா அதட்டி அழைத்திருந்தார். படத்தின் பேச்சு கிரேக்கம், அடியில் ஓடியது ஆங்கில எழுத்து. பலருக்கு அது பிடிபடவில்லை, ஆனாலும் இசையும் கடலோசையும் அவர்களை உட்கார வைத்திருந்தன. படம் கடைசிக் கட்டத்தை நெருங்கும்போது, பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது. வயரைக் கழற்றினேன். பாங்கு முடிந்ததும் மாட்டினேன். 'பட்'டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. பெட்டி செத்துவிட்டது.

திரையில் ஊர்த்தலைவர் வாயை வாயைத் திறந்து மூடினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. முன் வரிசையில் செயலாளர் குனிந்து செருப்பைத் தேடினார். ராத்தா என்னிடம் வந்து, "சரியாகுமா?" என்று கேட்டார். "ஆகாதுங்க" என்றேன். "நாந்தானே கழட்டச் சொன்னேன். நானே பேசுறேன்" என்றவர், நேராகப் போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

பேசத் தொடங்கினார். ஆங்கில எழுத்தில் பாதி, படித்த நாவலில் பாதி, மிச்சம் மாத்தளைக் கடைவீதி. ஊர்த்தலைவருக்கு, மிளகில் ஈரம் இருக்கிறது என்று விலையைக் குறைக்கப் பார்க்கும் தரகரின் குரலைக் கொடுத்தார். "ஒங்க வள்ளம் வேணாம்மா, அது நமக்கு சரிவராது" என்று அவர் இழுத்தபோது மண்டபம் குலுங்கியது. அந்தத் தரகர் யாரென்று எல்லாருக்கும் தெரியும், அவரும் அங்கேதான் இருந்தார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் ராத்தா எந்தக் குரலும் போடவில்லை. தன் சொந்தக் குரலிலேயே பேசினார். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

கடைசிக் காட்சியில் அவள் வள்ளத்தில் தோளைக் கொடுத்துத் தனியாகத் தள்ளுகிறாள். அது அசையவில்லை. ஊரே கரையில் நின்று பார்க்கிறது. அவள் திரும்பி ஏதோ சொல்கிறாள். ராத்தா திரையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, ஒரு கை குடுத்தா என்ன?" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், நின்றுபோன பஸ்ஸைத் தள்ளும்போது கத்துவதுபோல "தல்லு கரன்ன!" என்று சிங்களத்தில் கத்தினார். பிறகு மண்டபம் முழுக்கத் தமிழிலும் சிங்களத்திலும் தள்ளு தள்ளு என்று ஒரே கூச்சல். திரையில் ஒருவன் இறங்கி வந்தான், இன்னொருவன் வந்தான். வள்ளம் தண்ணீரைத் தொட்டபோது செயலாளர் ஒற்றைச் செருப்போடு நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த படம் எப்பங்க?" என்று அவர் கேட்டதற்கு, "முதல்ல தொழுதுட்டு வாரேன், வக்து போகுது" என்று சொல்லிவிட்டு ராத்தா உள்ளே போனார். வென்றவரின் நடை எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மண்டபம் எங்களிடம்தான் இருந்தது. எந்தப் படம் போட்டாலும் ராத்தாவின் குரல்தான் வேண்டும் என்று ஜனம் கேட்டது. லக்கலைக்கு லொறியில் வள்ளப் படத்தைக் கொண்டுபோனோம். யானை நடமாடும் இடம், பொழுது சாயுமுன் ஜனம் வீடு போய்ச் சேர வேண்டும். அதனால் பகலிலேயே போட்டோம். வெளிச்சத்தை மறைக்க, ராத்தா கடையிலிருந்து கொண்டுவந்த மிளகுச் சாக்குகளை யன்னல்களில் கட்டினோம். அவர் அங்கே சிங்களத்தில் பேசினார். சோகமான கட்டத்தில் மண்டபமே தும்மியது. "அழுறாங்களா தும்முறாங்களான்னு தெரியலையே தம்பி" என்று என் காதில் சொல்லிவிட்டு, அவரும் தும்மினார். கடைசியில் அங்கேயும் வள்ளம் தண்ணீரைத் தொட்டது, அங்கேயும் ஜனம் தள்ளியது.

கடந்த ஞாயிறு, அவர் இல்லாத முதல் படமாக அதையே போட்டோம். மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. மஃரிப் பாங்கு கேட்டதும் வயரைக் கழற்றினேன். இப்போது என்னிடம் இருப்பது புதுப் பெட்டி, அது இரைவதே இல்லை. என்றாலும் கழற்றினேன். பாங்கு முடிந்தது. வயரைத் திரும்ப மாட்டக் கை நீட்டினேன். அதற்குள் முன் வரிசையிலிருந்து நசீர் இழுத்துச் சொன்னார்: "ஒங்க வள்ளம் வேணாம்மா..." சிரித்தார்கள். அடுத்த வரியை இன்னொரு வரிசை சொன்னது. அதற்கடுத்ததை எல்லாரும் சொன்னார்கள். எல்லாம் ராத்தாவின் சொற்கள், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் அந்தப் பெண் கரையைப் பார்த்துத் திரும்பியபோது, நானும் சேர்ந்து கத்தினேன்.

ராத்தா, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வழக்கத்தைத்தான். இனியும் வயரைக் கழற்றுவேன், பெட்டி கெட்டாலும் பரவாயில்லை. வள்ளம் தண்ணீருக்குப் போய்ச் சேரும் வரைக்கும் கடந்த ஞாயிறு வயரை நான் திரும்ப மாட்டவே இல்லை, அது என் கையில்தான் இருந்தது.