சின்னம்மாவின் நோட்டீஸ்

எங்கள் சின்னம்மா ஐந்து வருடம் மாகாண சபை உறுப்பினராக இருந்தார். லிந்துலைப் பக்கத்தில் இன்றும் அவர் போட்டுக்கொடுத்த கொங்கிரீட் பாதையில்தான் பஸ் ஏறுகிறது. அவர் வென்றதில் எனக்கும் பங்குண்டு என்பதை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

அதற்கு முன் அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுச்செல்வார்கள். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. பலமுறை சொல்லியும் நிர்வாகம் அசையவில்லை. சின்னம்மா தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போய், எல்லாக் குழந்தைகளையும் தோட்ட ஆபீஸ் தரையில் படுக்கப்போட்டுவிட்டார். அரை மணி நேரம் அழுகையையும் ஈரத்தையும் தாங்கிய தோட்டத்து மேலாளர் துரை, மறுநாளே கூரைக்குத் தகரம் அனுப்பினார். வேட்பாளர் பட்டியலில் நிறுத்த ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்த கட்சிக்காரர் ஒருவரின் காதில், ஹட்டனில், இந்தக் கதை விழுந்தது.

தேர்தல் நோட்டீசுக்கு சின்னம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்று அந்தக் கட்சிக்காரர் வந்தார். அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். தரம் ஐந்தில் என் கையெழுத்துக்குப் பரிசு கிடைத்திருந்தது. 'சமூகத் தொண்டில் பழுத்த அனுபவம் மிக்கவர்' என்று முடித்தார். எனக்கு அது வேறு யாரையோ பற்றியதுபோல் இருந்தது. நல்ல பிரதி எடுத்தபோது அந்த வரியை விட்டுவிட்டு, 'பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தவர். குழந்தைகளைத் துரையின் ஆபீசில் படுக்கவைத்துத் தகரம் வாங்கியவர்' என்று எழுதினேன். அச்சகத்தில் கட்சிக்காரர் கட்சிச் சின்னத்தையும், வாக்குச்சீட்டில் சின்னம்மாவுக்குரிய விருப்பு இலக்கத்தையும் மட்டுமே சரிபார்த்தார்.

நோட்டீஸ் கட்டுகள் வந்திறங்கியதும் அவர் முகம் கறுத்தது. "மூக்குத் தொடச்சவங்கன்னு போட்டா எவன் வோட்டுப் போடுவான்?"

அப்பா என் காதைத் திருகினார். சின்னம்மா நோட்டீசை இரண்டு முறை வாசித்தார். "இதுல பொய் ஒண்ணும் இல்லையே. புள்ளைய விடுங்க மச்சான்" என்று சொல்லி, ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

பூண்டுலோயாவில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில் பெண்கள் அதை உரக்க வாசித்துச் சிரித்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "அக்கா, எங்க தோட்டத்துலயும் ஒழுகுது. புள்ளைங்கள எப்ப தூக்கிட்டு வரட்டும்?"

"மொதல்ல என்னைய அனுப்புங்க. அப்பறம் சேர்ந்தே தூக்கிட்டுப் போவோம்."

அனுப்பிவிட்டார்கள்.

சத்தியப்பிரமாணத்துக்குக் கண்டி போக வேன் வந்து நின்றது. சாவியைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பிள்ளைக்காம்பராவுக்குப் போன சின்னம்மாவைக் காணவில்லை. அழைத்து வர நான் ஓடினேன். புதிய ஆயா வாசலில் சாவியோடு நின்றாள். உள்ளே சின்னம்மா, பட்டுச் சேலையில், தொட்டில்களை ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டிருந்தார். தூங்கிப்போன பிள்ளைகளின் தொட்டில்களையும் விடவில்லை.

"வேன் போயிரும் சின்னம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் இல்லாம எங்க போகும்?" என்றவர், அடுத்த தொட்டிலுக்கு நகர்ந்தார்.

வென்றவர் முகம் ஏன் அப்படி வாடியிருந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஜன்னலோர இடத்தை வேறு யாராவது பிடித்துவிடுவார்களே என்பதுதான் என் கவலை.