ஃப்ரிட்ஜில் ஆறு கிழங்குகள்

எங்கள் வீட்டுக்குள் வெங்காயம் நுழைந்ததில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் செய்த குடும்பம். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

குளிர் நாட்டில் இருக்கும் மகள், புரட்டாசியில் வந்தபோது அம்மாவுக்கு ஆறு பூக்கிழங்குகள் கொண்டுவந்தாள். பனி உருகும்போதே, மரங்களில் இலை வருவதற்கு முன்பே பூக்கும் நீலப் பூவாம். அங்கேயே அபூர்வமாம். மூன்று மாதம் குளிரில் வைத்திருந்து, பிறகு மண்ணில் ஊன்ற வேண்டும். என் மனைவிக்கு அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது. போனில் படம் பார்த்த நாளிலிருந்து, அந்த நீலத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஃப்ரிட்ஜில் வைத்திருப்பதை என்னிடம் சொன்னாளாம். அவளுடைய செடிகொடிப் பேச்சை நான் என்றைக்குக் காதில் வாங்கினேன்?

ஐப்பசியில் என் அப்பாவின் திவசம். முதல் நாள் அவள் தங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் ஃப்ரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழ்த் தட்டில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் சின்ன வெங்காயம். கோபம் தலைக்கேறிவிட்டது. உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, எனக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்திருக்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். வாசலுக்கு வந்த குப்பை வண்டியில் போட்டுவிட்டு, ஃப்ரிட்ஜை மறுபடியும் அலம்பினேன்.

சாயங்காலம் வந்தவளை உட்காரக்கூட விடாமல் கத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அது வெங்காயம் இல்லே. என் பூ” என்றாள். அப்புறம், மடி வேஷ்டி உலர்த்தியாயிற்றா என்று விசாரித்தாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். புண்ணியவதி, திட்டவே இல்லை.

மகள் அங்கே கடைகடையாக அலைந்தாள். அந்த வருஷத்துக் கிழங்கு விற்றுத் தீர்ந்திருந்தது. தை பிறந்த மூன்றாம் நாள் இவள் போய்விட்டாள்.

அடுத்த புரட்டாசியில் மகள் மறுபடி ஆறு கிழங்குகள் அனுப்பினாள். பொட்டலத்தின்மேல் ‘வெங்காயம் அல்ல’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தேன். அதைப் படிக்க வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். மார்கழியில் கொல்லையில், கிணற்றடி நிழலில் ஊன்றினேன். தினமும் காலையில் மண்மேல் ஐஸ் கட்டி வைத்தேன். நான்கு அழுகிவிட்டன. ஒன்று இலையோடு நின்றது. ஒன்று மாசியில் பூத்தது. விரல் உயரம்தான் இருக்கும். அப்படியொரு நீலத்தை இந்த வயது வரை நான் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். மாமிக்கு ரொம்பப் பிடித்த பூவா என்று கேட்டாள்.

“அவ பார்த்ததே இல்லைம்மா,” என்றேன். “நான் பாக்க விடலை.”