அப்பத்தை மட்டும் அனுப்பவும்

பரமண்டல ஜெபம் ஏழாவது முறை ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், ரொட்டியக்கா மாவு அப்பிய சுண்டுவிரலை மட்டும் உயர்த்துவார். பேசியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மூடியும் பயனில்லை, எண்ணிக்கை தவறியிருக்கும். "போச்சு. முதல்லேருந்து" என்று மாவைப் புரட்டிப் போட்டு மறுபடி ஆரம்பிப்பார். கோயிலில் திருவிருந்தின்போது ஆளுக்கொரு துண்டாகக் கையில் வைக்கும் அப்பத்துக்கு மாவு பிசைய அவருக்குக் கடிகாரம் தேவையில்லை. பன்னிரண்டு பரமண்டல ஜெபம், அவ்வளவுதான். பதினொன்றில் நிறுத்தினால் அப்பம் வெடிக்கும், பதின்மூன்றுக்குப் போனால் ரப்பராகும் என்பார்.

மற்றபடி அந்த பேக்கரியில் ஒரு நாளைக்கு இருநூறு ரொட்டி அவர் கை வழியாகப் போகிறது. அதற்கெல்லாம் ஜெபம் கிடையாது. "எல்லாத்துக்கும் சொன்னா ஆண்டவருக்கே காது வலிக்கும்." இடது காலில் நீலச் செருப்பு, வலது காலில் கறுப்பு. கேட்டால், "ஒவ்வொரு ஜோடிலயும் ஒண்ணு அறுந்துச்சு. நல்லா இருக்கறது ரெண்டையும் தூக்கிப் போடச் சொல்றியா?" என்பார். புருஷன் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. பேக்கரிக்கு மேலேயே ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு பாய். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்குக் கோயிலில் மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோர இடம். இருபத்தாறு வருடத்தில் காய்ச்சலோ மழையோ அவரை அந்தப் பந்தியிலிருந்து எழுப்பியதில்லை.

எழுப்பியது சபைக் கமிட்டி.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாடகர் குழுத் தலைவரின் மனைவி பேக்கரியின் பின்வாசலில் வந்து நின்றாள். இடது மணிக்கட்டை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். ரொட்டியக்கா முக்காலியைக் காலால் தள்ளிவிட்டார். "உக்காரு. கையெல்லாம் மாவு. இப்ப ஒண்ணும் கேக்க மாட்டேன்." கை கழுவிய பிறகும் கேட்கவில்லை. அவளை டாக்டரிடம் கூட்டிப்போய், கட்டுப் போட்டு, மாடிக்கு அழைத்துவந்து, கட்டிலை அவளுக்கு விட்டுப் பாயைத் தனக்கு விரித்துக்கொண்டார். புருஷன் கை நீட்டுவது இது முதல் தடவை இல்லை என்று மூன்றாம் நாள் அவளாகவே சொன்னாள். அதுவரை கதவுப் பக்கம் முதுகைக் காட்டி அவள் உட்காரவே இல்லை என்பதை ரொட்டியக்கா கவனித்திருந்தார்.

நான்காம் நாள் சபைச் செயலாளரும் போதகரும் படியேறி வந்தார்கள். போதகர் நின்றுகொண்டார். செயலாளர் உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு குடும்பத்தப் பிரிக்கிறீங்களேக்கா" என்றார் செயலாளர்.

"நான் எங்க ஐயா பிரிச்சேன்? எலும்புதான் ரெண்டாப் பிரிஞ்சு வந்துச்சு. டாக்டர் சேத்துக் கட்டிருக்காரு. இங்க சேக்கற வேலைதான் நடக்குது."

"குடும்பம்னா நாலும் இருக்கும். நாம எல்லாரும் ஜெபம் பண்ணுவோம்."

"பண்ணுங்க. அவரு கை ரெண்டையும் கெட்டியாப் புடிச்சுகிட்டுப் பண்ணுங்க. அத சும்மா விட்டா ஆபத்து."

போதகர் தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று ரொட்டியக்கா அவர் முகத்தையே பார்த்தார். தொண்டை சரியாயிற்று, அவர் படியிறங்கிப் போனார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். அவள் கையில் அந்தக் கட்டு எப்படி வந்தது என்று ஏழு பேருக்கும் தெரியும். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். குடும்ப ஒற்றுமையைக் குலைத்ததால், அந்தப் பெண் வீடு திரும்பும்வரை ரொட்டியக்கா திருவிருந்தில் பங்குபெறக் கூடாது. கையை உடைத்தவருக்குக் கடிதம் எதுவும் போகவில்லை. அந்த ஞாயிறு அவர் தனிப்பாடல் பாடினார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கடிதத்தின் அடியில் ஒரு குறிப்பு: முதல் ஞாயிறு ஆராதனைக்கு வழக்கம்போல அப்பத்தை மட்டும் அனுப்பவும்.

ரொட்டியக்கா அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று முறை படித்தார். அவர்கள் தின்ன அவர் கை வேண்டும். அந்தக் கையில் ஒரு துண்டு வைக்க மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை.

"கைநிறைய உப்பள்ளிப் போட்டுப் பிசைஞ்சு குடுங்கக்கா. தின்னுட்டுத் தண்ணிக்கு ஓடட்டும்" என்றார் அடுப்பு வேலை பார்ப்பவர்.

"அப்பம் என்னய்யா தப்புப் பண்ணிச்சு?"

முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் கடை வேலை முடிந்து, அப்பத்துக்கு மாவு பிசைய ஆரம்பித்தார். ஜெபத்தில் மன்னிப்பைச் சொல்லும் இடம் வரும்போதெல்லாம் அன்றைக்குக் கை நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். ஒன்பதாவது முறை நடந்துகொண்டிருந்தபோது படியில் சத்தம். அந்தப் பெண் இறங்கி வந்தாள், நல்ல கையில் துணிப்பையோடு.

"நான் வீட்டுக்கே போயிடறேன்க்கா. இத்தனை வருஷமா நீங்க பந்திய விட்டதில்ல. என்னாலதானே..."

சுண்டுவிரல் உயர்ந்தது. அவள் நிறுத்தினாள்.

"ஒம்பதுல இருந்தேன்டி. போச்சு. முதல்லேருந்து." ரொட்டியக்கா மாவைப் புரட்டி ஓங்கிப் பலகையில் அறைந்தார். முகம் சிவந்திருந்தது. "உன்னால நான் இழந்தது இந்த ஒம்பதுதான். மத்தது அவனுங்க புடுங்கினது. அதுக்கு நீ போய் அடி வாங்கணுமா? பைய மேல வெச்சிட்டு வா. தட்டுல வெண்ணெய் தடவ ஆள் வேணும், ஒரு கை போதும்."

ஞாயிற்றுக்கிழமை அப்பம் வழக்கம்போலக் கோயிலின் பக்கவாசல் வழியாகப் போகவில்லை. வெள்ளைத் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, ரொட்டியக்கா மூன்றாம் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் அந்தப் பெண். கோயிலில் யாரும் அவர்களைப் பார்க்கவில்லை, அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

போதகர் மேசைத் துணியை விலக்கினார். தட்டு காலி. செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ரொட்டியக்காவைப் பார்த்து, கொண்டுவாருங்கள் என்று கண்ணால் காட்டினார். ரொட்டியக்கா ஜன்னலைப் பார்த்தார். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கடைசிச் சரணத்தைத் திரும்ப எடுத்தது. தலைவரின் நல்ல குரல் அன்றைக்கு ஓர் இடத்தில் பிசிறியது.

கடைசியில் போதகரே இறங்கி வந்தார்.

"அக்கா... அப்பம்" என்றார் மெதுவாக, இரண்டு கையையும் நீட்டி.

ரொட்டியக்கா முடிச்சை அவிழ்த்தார். வெடிப்பில்லாமல் வட்டமாக இருந்த அப்பத்தை அந்தக் கைகளில் வைத்தார். வைத்த கையைத் திரும்ப எடுக்கவில்லை. ரேகைகளில் மாவு படிந்திருந்த உள்ளங்கையை அவர் முன்னால் விரித்தபடியே வைத்திருந்தார். பிறகு மற்றொரு கையால், பக்கத்தில் தலைகுனிந்திருந்தவளின் கட்டில்லாத கையைப் பிடித்து இழுத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.