துவாய் சுற்றிய மேளம்

சென்ற ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை, பேர்த்தியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வட்டாரத்து நூலகத்துக்குப் போயிருந்தேன். கறுப்பின வரலாற்று மாதம் என்று வாசலிலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு மேசையில் தலைமயிர் பின்னிக் காட்டினார்கள். இன்னொன்றில் பழைய படங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். நடுவில் ஐந்தாறு மேளங்கள். பிள்ளைகள் சுற்றியிருந்து அடித்த அடியில் கண்ணாடிக் கதவுகள் அதிர்ந்தன. நூலகத்தில் இப்படிச் சத்தம் போடலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நிகழ்ச்சியை நடத்திய இளம் நூலகர் ஒலிவாங்கியை வாங்கி, இந்த நூலகத்தில் மேளச் சத்தம் கேட்பது இதுதான் முதல்முறை என்று பெருமையோடு சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

முதல்முறை அல்ல. அது தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். முதலாவது மேளம் எப்படி நின்றுபோனது என்பதும் எனக்குத்தான் தெரியும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இந்தப் பக்கத்தில் தமிழ்க் கடை என்ற ஒன்றே இல்லாத காலம். மிளகாய்த்தூள் யாழ்ப்பாணத்திலிருந்து பார்சலில் வரும். அப்பா அங்கிருந்து இந்த நாட்டுக்குக் கணக்கியல் படிக்க வந்தவர். பகல் முழுவதும் ஒரு கந்தோர் வேலையிலும் மாலையில் வகுப்பிலும் இருப்பார். அம்மாவிடம் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் இருந்தன: யெஸ், நோ, தாங்க்ஸ். ஆகவே இறைச்சிக் கடையிலும் டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அம்மாவின் வாய் நான்தான். என்னைப் பற்றி ஆசிரியை சொன்ன குறைகளைக்கூட நானேதான் மொழிபெயர்த்தேன். அம்மாவுக்கு வந்து சேர்ந்த அளவில் நான் மிகச் சிறந்த மாணவனாக இருந்தேன்.

நூலகம் அப்போது இதே தெருவில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தில் இருந்தது. சனிக்கிழமைகளில் அதன் பின்னறையில் மிஸ் ஐவி கதை சொல்வார். சென்ட் லூசியாத் தீவிலிருந்து வந்த கறுப்பினப் பெண், ஆஸ்பத்திரியில் தாதி. வெள்ளி இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து, கையில் ஒரு கேக் பெட்டியும் கக்கத்தில் ஒரு மேளமுமாக வந்து சேர்வார். வருபவர்களில் பெரும்பாலானோர் அவருடைய தீவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தங்கள் ஆட்கள் ஒரு பக்கத்தில்கூட இல்லாதபடியால்தான் அவர் அந்த வகுப்பைத் தொடங்கினார் என்று பின்னாளில் விளங்கிக்கொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அங்கே கதை இருந்தது, மேளம் இருந்தது என்பதுதான்.

அந்த மேளத்தைச் சுற்றி எப்போதும், சத்தம் வெளியே கேட்காதபடி, குளித்துத் துடைக்கிற தடித்த துவாய் ஒன்று கட்டியிருக்கும். விரல் நுனியால் மட்டுமே அடிக்க வேண்டும். தலைமை நூலகர் பின்னறையை அரைமனதோடுதான் கொடுத்திருந்தார். "ஒரு புகார் வந்தால் போதும், பிள்ளைகளே. அதற்குப் பிறகு நாங்கள் தெருவில் நின்றுதான் கதை சொல்ல வேண்டும்" என்று மிஸ் ஐவி சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்தாலும் கண் கதவிலேயே இருக்கும்.

கேள்வி கேட்பதில் அங்கே என்னை ஒருவரும் வெல்ல முடியாது. மனிதர்களைக் கப்பலில் அடைத்து, கடல் தாண்டிக் கொண்டுபோய், கரும்புத் தோட்டங்களில் விற்றார்கள் என்று அவர் சொன்ன அன்று, அந்தக் கப்பலில் மேளம் கொண்டுபோக விட்டார்களா என்று கேட்டேன்.

"இல்லை. கையில் ஒன்றுமே இல்லை."

"அப்படியென்றால் இது எப்படி வந்தது?"

அவர் தன் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார். மேளம் அடிக்கக்கூடாது என்று தடுத்த இடங்களில் முழங்காலில் அடித்தார்களாம், மேசையில் அடித்தார்களாம். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் ஊரில் மேளம் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். யார் அடிப்பார்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. எங்கள் ஊரில் செத்த வீட்டுக்குப் பறை அடிக்க வருகிறவர்களை வாசலுக்கு அப்பால் விடமாட்டார்கள் என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். ஏன் என்று தெரியாது. கேள்வி கேட்பதில் கெட்டிக்காரனான நான் அன்று துவாயின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவரும் அதை வற்புறுத்திக் கேட்கவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர்; ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் ஈஸ்டர் என்கிற உயிர்த்த ஞாயிறுவரை ஆளுக்கு ஒன்றை விட வேண்டும். அப்பா சிகரெட்டை விட்டார். அம்மா தேநீருக்குச் சீனி போடுவதை விட்டார். நான் இனிப்பு விடுவதாக எல்லோர் முன்னிலையிலும், கொஞ்சம் சத்தமாகவே, சொல்லியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மிஸ் ஐவி கொண்டுவந்தது இஞ்சிக் கேக். பெட்டியைத் திறந்ததும் அறை முழுக்க மணந்தது. எனக்கு நீட்டியபோது, தவக்காலம் என்றும் இனிப்பை விட்டிருக்கிறேன் என்றும் வீரமாகச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நானும்தான்! நேற்று வேலைக்குப் போகமுன் இதைச் சுட்டதும் நான், வாயில் வைக்காததும் நான். சரி, ஈஸ்டர் வரை நாங்கள் இரண்டு பேரும் பொறுத்திருப்போம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு அவர் மேளத்தின் பக்கம் திரும்பினார். எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு துண்டை வாய்க்குள்ளும் இன்னொன்றைச் சட்டைப்பைக்குள்ளும் போட்டேன்.

சட்டையைத் தோய்க்க எடுத்த அம்மாவின் கையில் கேக் தூள் ஒட்டியது.

"தம்பி, இதென்ன?"

"அந்த அன்ரி தந்தவ."

"தவக்காலம் எண்டு சொல்லேல்லையோ நீ?"

"சொன்னனான். கேக்காமல் வாயுக்கை வச்சவ."

அடி விழவில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை அம்மா சேலை உடுத்து, கோட்டுப் போட்டு, ஒரு பை நிறையத் தட்டைவடையோடு என்னுடன் புறப்பட்டார். பஸ்ஸில் எனக்குப் பாடம் சொல்லித் தந்தார்.

"கோவமா ஒண்டும் கேட்டுப்போடாத. ஈஸ்டர் வரைக்கும் இவனுக்கு இனிப்பு வேண்டாம், அவ்வளவுதான் எண்டு சொல்லு. கதை கேக்க இவனுக்குச் சரியான விருப்பம், பெரிய உபகாரம் எண்டும் சொல்லு. வடையை என்ர கையால குடுக்கிறன். உறைப்பு எண்டு சொல்லிப்போடு, பாவம், தெரியாமல் கடிச்சுப்போடுவா."

நான் வடையைப் பற்றி நினைக்கவில்லை. இவர்கள் இருவரும் ஆற அமர உட்கார்ந்து பேசினால் என் பொய் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு சீக்கிரம் முடிய வேண்டும். அதற்கு ஒரே வழி, அது சண்டையாக இருப்பதுதான்.

எங்கள் கெட்ட காலம், தலைமை நூலகரும் பின்னறை வாசலில் நின்றார். அம்மா வணக்கம் சொல்வதுபோலத் தலையைச் சாய்த்துச் சிரித்தார். பஸ்ஸில் சொன்னதையெல்லாம் தமிழில் ஒருமுறை சொல்லி, என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அம்மா மிகவும் கோபமாக இருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியும் எனக்குக் கேக் ஊட்டியிருக்கிறார்கள். இந்த மேளமும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை."

அம்மா இன்னும் சிரித்துக்கொண்டே வடைப் பையை நீட்டினார்.

மிஸ் ஐவி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்ததுபோல இருந்தது. தலைமை நூலகரோ என் ஆங்கிலத்தை மட்டுமே கேட்டார். அம்மாவின் முகம் அவருக்குத் தேவைப்படவில்லை.

"இது உண்மையா? பையனுக்கு நீங்கள் கேக் ஊட்டினீர்களா?" என்று மிஸ் ஐவியைக் கேட்டார்.

நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"கேக்கை நான்தான் கொடுத்தேன்" என்றார் மிஸ் ஐவி. "அவனை ஒன்றும் சொல்ல வேண்டாம்."

தலைமை நூலகர் குனிந்து என்னிடம், உன் அம்மா இதை ஒரு புகாராகவே சொல்கிறாரா, கேட்டுச் சொல் என்றார். அந்தச் சொல்லின் கனம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்ட சொல்.

"என்னவாம், தம்பி?" என்றார் அம்மா.

"வந்ததுக்குச் சந்தோசமாம்."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஒரு வேளை என் உதவி தேவையில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். நேரே தலைமை நூலகரைப் பார்த்து, "யெஸ், யெஸ். தாங்க்ஸ்" என்றார். வடைப் பையை மிஸ் ஐவியின் கையில் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

அடுத்த சனிக்கிழமை பின்னறை பூட்டியிருந்தது. மறு அறிவித்தல்வரை இல்லை என்று கதவில் ஒரு தாள். வாசலில் நின்ற பிள்ளைகள் யார் புகார் சொன்னது என்று குழம்பிக்கொண்டிருந்தார்கள். நூலகத்துக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியாகத்தான் இருக்கும் என்றான் ஒருவன். இருக்கும் என்றேன் நானும். மறு அறிவித்தல் வரவேயில்லை. அம்மா பல காலம் கேட்டுக்கொண்டிருந்தார், "ஏனப்பு அந்த மனிசி இப்ப கதை சொல்றேல்லை?" என்று. வேலை கூடிப் போச்சாம் என்று சொல்லி வைத்தேன். அம்மா இறக்கும்வரை அந்தப் புகாரைச் சொன்னவர் தான்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இவ்வளவையும் சென்ற ஒக்ரோபரில் எழுந்து நின்று சொன்னேன். முதல்முறை அல்ல, முன்பு மிஸ் ஐவி என்றொரு பெண் இங்கே மேளம் அடித்தார் என்றுதான் தொடங்கினேன். அதோடு உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அந்த இளம் நூலகர் கண்கள் விரிய, அந்தப் பெண்ணின் முழுப்பெயர் என்ன, எத்தனை நாள் நடந்தது, ஏன் நின்றது என்று அடுக்கடுக்காகக் கேட்டார். முழுப்பெயர் எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதில் எல்லாவற்றையும் கேட்டவன் அதை மட்டும் கேட்காமல் விட்டிருந்தேன். ஏன் நின்றது என்பது தெரியும். அதைச் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒருவரும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அது சரிதான்.

திரும்பி நடக்கும்போது பேர்த்தி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளும் என்னைப் போலத்தான், கேட்காமல் விடமாட்டாள்.

"அப்பப்பா," என்றாள், மிச்சத்தை ஆங்கிலத்தில். "கேக்கை நீங்கள்தானே எடுத்தீர்கள்? அது அவவுக்குத் தெரியும்தானே? பிறகேன் தான் கொடுத்ததாகச் சொன்னா?"

இன்றைக்கு அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஒரு பிள்ளையை எல்லோர் முன்னாலும் பொய்யனாக்க அவருக்கு மனம் வரவில்லை என்று அவளுக்கும் சொன்னேன். ஆனால் அன்று அந்தச் சிறுவன் நினைத்தது வேறு. அதன் பிறகு மிஸ் ஐவியை ஞாயிறு பூசையில் காண்பேன். அவரும் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர் என்பதையே அப்போதுதான் கவனித்தேன். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பார். அம்மாவைக் கண்டால் வாயை ஊதிக் காட்டி, வடை உறைத்ததென்று கையால் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பார். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு இல்லை. என்னைத் தாண்டிப் போய்விடுவார். இத்தனை பிள்ளைகளுக்குள் யாருக்குக் கேக் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்பது அவருக்கு மறந்துபோயிற்று, அதனால்தான் அன்று அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு செய்தேன். ஈஸ்டர் வரை இரண்டு பேரும் பொறுத்திருப்போம் என்று என் கையைக் குலுக்கியதைக்கூட மறந்துவிட்டாரே, இரவு வேலை செய்து களைத்த மனிசி, பாவம் என்று அவருக்காக நான் இரக்கப்பட்டேன்.