கொடியக்கா

“சுத்துடி சோம்பேறி. உனக்கு மட்டும் என்ன இன்னிக்கு லீவா?”

காற்றின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி அதை அதட்டிக்கொண்டிருந்தார் கொடியக்கா. கருவியின் சக்கரம் அரை வட்டம் போட்டுவிட்டு நின்றது. அவர் அதை ஒரு தட்டு தட்டி மறுபடியும் தூக்கினார்.

படகுத்துறையின் முனையில், மாடியில் இருக்கும் ஒற்றை அறைதான் அவருடைய அலுவலகம். மூன்று பக்கம் கண்ணாடி, நான்காவது பக்கம் படிக்கட்டு. உப்பு படிந்து கண்ணாடி மங்கிவிடும் என்பதால் காலையில் வந்ததும் ஈரத்துணியால் அதைத் துடைப்பார். பிறகு கீழே கடலுக்குள் நட்டிருக்கும் கோடு போட்ட கம்பத்தில் தண்ணீர் எதுவரை ஏறி எதுவரை இறங்குகிறது என்று பார்ப்பார். அதன் பிறகுதான் கருவியோடு இந்தச் சண்டை. பெரிய ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றை உடைக்கு மேலே போட்டிருப்பார். சட்டையின் விளிம்பு முழுக்கத் துணி காயப்போடும் கிளிப்புகள் தொங்கும். காற்றில் பறக்கும் எதையும், சில சமயம் தன் தலைமுடியையும், அவற்றால்தான் அடக்குவார்.

எல்லாம் முடிந்ததும் ஒலிபெருக்கியைத் திறப்பார். அப்போது அவருடைய தமிழே மாறிவிடும். “வணக்கம். தென்கிழக்குக் காற்று, மிதமான வேகம். அலை முழங்காலுக்குச் சற்று மேல். பிற்பகலில் மழைக்கு வாய்ப்பு. வாசல் திறந்திருக்கிறது.” சொல்லி முடித்துவிட்டு ஒலிபெருக்கியை மூட மறந்து, “போங்க, போய்ப் பொழைக்கிற வழியப் பாருங்க” என்று முணுமுணுப்பதும் தீவு முழுக்கக் கேட்கும். அந்தக் கடைசி வரி வராவிட்டால் அக்காவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று ஆட்கள் பேசிக்கொள்வார்கள்.

வாசல் என்பது வீட்டு வாசல் இல்லை. தீவைச் சுற்றிப் பவளப்பாறை மதில்போல நீருக்குள் நிற்கிறது. அந்த மதிலில் படகு நுழைவதற்கு ஒரே ஒரு இடைவெளி. அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான் தீவின் அன்றாடம். மீன்பிடிப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், எல்லாரும் அந்த அறையின் உச்சியில் ஏறும் கொடியைப் பார்த்துத்தான் செருப்பு மாட்டுவார்கள். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் பார்த்துப் போகலாம், சிவப்பு என்றால் வீட்டில் இருக்கலாம். பச்சையும் மஞ்சளும் ஏறும் நாட்களில் அவர் கொடியக்கா. சிவப்பு ஏறும் நாட்களில் மீனவர்கள் அதே பெயரை நடுவில் ஒரு மூச்சு விட்டு, “கொடிய... அக்கா” என்று கூப்பிடுவார்கள்.

“கூப்பிடட்டும். கூப்பிடறதுக்கு வாய் இருக்கே, அது போதும்” என்பார்.

அவர் சொல்வதெல்லாம் பலித்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை அவர் சிவப்பை ஏற்றினார், கடல் மூன்று நாள் குளத்துத் தண்ணீர்போலக் கிடந்தது. வலைகளோடு ஆட்கள் வந்து அறைக்குக் கீழே பேசாமல் நின்றார்களாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார் என்னிடம். அதற்குப் பிறகும் அவர் கை சிவப்புக் கயிற்றுக்குப் போகத் தயங்கியதில்லை. தூக்கம்தான் கொஞ்சம் குறைந்துபோனது.

இந்தப் பத்திரிகைக்காக அவரைப் பற்றி எழுதத் தீவுக்கு வந்தபோது, அவருடைய வீட்டுக் கதையை எனக்குச் சொன்னவர் துறையடி டீக்கடைக்காரர். கொடியக்காவின் கணவர் பயணிகள் படகின் டிரைவர். பக்கத்துப் பெரிய தீவுக்கும் இங்கேயுமாக ஓட்டுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக்கொடி நாளில் டீக்கடைக்காரருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. மனைவி போக வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, டிரைவர் அவரைப் படகில் படுக்கவைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஊரே டிரைவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கொடியக்கா மட்டும், கொடியை மீறிப் படகு போனதென்று மேலிடத்துக்குத் தகவல் கொடுத்தார். டிரைவரின் லைசன்ஸ் மூன்று மாதம் முடக்கப்பட்டது.

“இப்ப நான் உங்களுக்கு டீ ஆத்துறேன்னா அது அவரு போட்ட பிச்சை” என்றார் டீக்கடைக்காரர். “ஆனா அக்கா செஞ்சது தப்புன்னும் என் வாயால வராது சார். அவங்க விட்டுட்டா, நாளைக்குக் கொடியை எவன் மதிப்பான்?”

அன்று முதல் கணவனும் மனைவியும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை. ஒரே கூரை, ஒரே சட்டிச் சோறு, பேச்சு மட்டும் கிடையாது. அவசரம் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் படிக்கும் மகளுக்குப் போன் போகும். “குழாய் ஒழுகுதுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு.” மகள் அப்பாவுக்குப் போன் செய்வாள். அடுத்த அறையில் மணி அடிக்கும். “ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கறதுக்கு என் காசுதான் கரையுது” என்று அவள் அலுத்துக்கொள்வாளாம்.

ஆனால் கடலில் அந்த விரதம் செல்லாது. துறைக்கும் படகுக்கும் ஒயர்லெஸ்ஸில் பேசியே ஆக வேண்டும். ஆகவே தினமும் காலையும் மாலையும், நீங்க வாங்க என்று மரியாதையாக, ஒவ்வொரு பேச்சுக்கும் கடைசியில் ‘ஓவர்’ போட்டு, அவர்கள் பேசிக்கொண்டார்கள். மீன்பிடிப் படகுகளிலும் அதே கருவிதான் என்பதால் அந்தப் பேச்சு எல்லாருக்கும் கேட்கும். தாம்பத்தியமே ஓவர் ஓவர் என்றுதான் ஓடுகிறது என்று கேலி பேசுவார்கள்.

நான் அந்த அறையில் இருந்த நாளில் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. காற்றே இல்லை. எங்கோ வெகுதூரத்தில் ஒரு புயல், அதன் அலைகள் சாயங்காலத்துக்கு மேல் இங்கே வந்து சேரலாம் என்று மேலிடத்திலிருந்து முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். மஞ்சள் கொடி ஏறியிருந்தது. டிரைவர் காலையிலேயே பெரிய தீவிலிருந்து கிளம்பிவிட்டார். மதியத்துக்குள் வந்துவிடுவார் என்பது கணக்கு.

கருவியைத் திட்டிக்கொண்டிருந்த கொடியக்கா சட்டென்று வாயை மூடினார்.

கீழே கம்பத்தில் தண்ணீர் ஏறியது. ஏறி, அப்படியே நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. இறங்கிக்கொண்டே போனது. எப்போதும் நீருக்குள் இருக்கும் கம்பத்தின் அடிப்பாகம், கறுப்புக் கிளிஞ்சல்கள் அப்பியபடி, வெயிலில் பளபளத்தது.

“அலை இப்பவே வந்துட்டுது” என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. கருவியை என் கையில் திணித்துவிட்டு மஞ்சளை இறக்கிச் சிவப்பை ஏற்றினார். ஒலிபெருக்கியில் இரண்டே சொல்: “வாசல் மூடியிருக்கிறது.” கடைசி முணுமுணுப்பு வரவில்லை.

ஒயர்லெஸ்ஸை எடுத்தார். “படகுக்குத் துறை பேசுது. எங்க இருக்கீங்க? ஓவர்.”

“வாசலுக்குக் கொஞ்சம் வெளியே. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி கிடக்குது. என்ன விஷயம்? ஓவர்.”

“அங்கேயே நில்லுங்க. வாசல் மூடிடுச்சு. ஓவர்.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே. சும்மா ஏறி இறங்குது, அவ்வளவுதான். ஓவர்.”

“நீங்க அலையோட முதுகைப் பாக்குறீங்க. அதோட மூஞ்சியை நான் பாக்குறேன். நில்லுங்க. ஓவர்.”

நானும் பார்த்தேன். வெளிக்கடலில் சோம்பலாகப் புரண்டு வந்த மேடுகள் பாறை மதிலைத் தொட்டதும் எழுந்து நின்றன. எழுந்து, கண்ணாடிபோல மெலிந்து, குப்புற விழுந்தன. வாசல் இருந்த இடத்தில் நுரை மட்டும் கொதித்தது. சத்தம் ஒரு மூச்சு தாமதித்து வந்து சன்னல்களை அதிரவைத்தது.

“திரும்பிப் போகச் சொல்லிடலாமே?” என்றேன்.

“நீரோட்டத்தை எதுத்துப் போக டீசல் காணாது சார். பாதி வழியில நின்னுட்டா யாரு போயி இழுக்குறது? நேரம் ஆக ஆக இது பெருசாத்தான் ஆகும்.” படகில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆசிரியர்கள், ஒரு கைக்குழந்தைக்காரி, வாரச் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். கொடியக்கா கண்ணை இடுக்கினார். ஒயர்லெஸ்ஸில் கேட்டார்: “கூரைமேல வெள்ளையா என்ன அது? ஓவர்.”

“ஃப்ரிட்ஜ். டீக்கடைக்காரருது. ஓவர்.”

“தள்ளிடுங்க. மேல கனம் இருந்தா கவுந்துடும். ஓவர்.”

சிவப்புக்கொடியைப் பார்த்துப் படியேறி வந்திருந்த டீக்கடைக்காரருக்கு அது காதில் விழுந்துவிட்டது. “அக்கா! புதுசுக்கா! அட்டைகூடப் பிரிக்கலக்கா!” கொடியக்கா திரும்பவில்லை. டீக்கடைக்காரர் ஒரு கணம் தலையில் கைவைத்து நின்றார். பிறகு ஒயர்லெஸ்ஸை நோக்கிக் கத்தினார்: “தள்ளிவிடுங்கண்ணே! இத்தனை நாள் பச்சைத் தண்ணி குடிச்சு செத்தா போயிட்டோம்?”

பொத்தானை அழுத்தாததால் அது படகுக்குப் போய்ச் சேரவில்லை. கொடியக்கா அழுத்திச் சொன்னார்: “சொந்தக்காரர் சரின்னுட்டாரு. ஓவர்.”

வெள்ளைப் பெட்டி கடலில் விழுந்தது. மூழ்காமல் மிதந்தது. நீரோட்டம் அதை மெல்ல வாசலுக்கு இழுத்து வந்தது. துறையில் கூடிவிட்ட ஜனம் அதையே பார்த்தது. வாசலின் நடுவில் ஒரு மேடு அதை உயரத் தூக்கியது. அடுத்து பெட்டி இல்லை. வெகுநேரம் கழித்து உள்பக்கம் ஒரு வெள்ளைக் கதவு மட்டும் மிதந்து வந்தது.

அலைகள் கூட்டமாக வரும், கூட்டம் போனதும் கொஞ்சம் ஓய்வு இருக்கும், அந்த ஓய்வில்தான் நுழைய வேண்டும் என்று கொடியக்கா எனக்குச் சொல்லியிருந்தார். ஒரு கூட்டம் போனது. நுரை அடங்கி வாசலில் நீலம் தெரிந்தது. அவர் பொத்தானில் விரல் வைத்தார். எடுத்தார்.

ஒயர்லெஸ் தானாகவே பேசியது. “இப்ப அமைதியாத்தான் இருக்கு. பின்னாடி எல்லாரும் வாந்தி எடுக்குறாங்க, குழந்தை நீலம் பாரிக்குது. நான் வர்றேன். ஓவர்.”

“வேண்டாம்.”

“போன தடவையும் நீ இதைத்தானே சொன்னே?”

நீ. இரண்டு வருஷத்துக்குப் பிறகு, ஒயர்லெஸ்ஸில், அத்தனை படகும் கேட்க. டீக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். கொடியக்காவின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அதில் கோபம் இல்லை. உதடு காய்ந்திருந்தது.

“ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன். என்னைத் திட்டணும்னா கரைக்கு வந்து திட்டுங்க. இப்ப நில்லுங்க.” ‘ஓவர்’ போடவில்லை.

படகின் முகம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பியது... நின்றது. அதுவரை வந்த அலைகளை எல்லாம் குட்டி என்று சொல்லும்படி ஒன்று எழுந்து, வாசலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூடி விழுந்தது. அதன் முதுகில் இன்னொன்று. அதன் முதுகில் இன்னொன்று. துறையில் யாரோ ஒரு பெண் வீறிட்டாள்.

ஒயர்லெஸ் கரகரத்தது. மூச்சுச் சத்தம் முதலில், குரல் பிறகு. “சரி. நான் இனிமே பாக்கல. நீ சொல்லு.”

கொடியக்கா உடனே சொல்லிவிடவில்லை. கீழே கம்பத்தைப் பார்த்தார், வெளிக்கடலைப் பார்த்தார், மறுபடியும் கம்பத்தை. சட்டை விளிம்பிலிருந்த கிளிப் ஒன்றை இடது கை திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இன்னொரு கூட்டம் வந்து உடைந்தது. நுரை விலகியது. நீலம் தெரிந்தது. போன தடவையும் இப்படித்தான் தெரிந்தது. எனக்கு இரண்டு நீலத்துக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

“வாங்க” என்றார். “முழு வேகம். நிக்காம வாங்க. திரும்பிப் பாக்காதீங்க.”

படகு பாய்ந்தது. பாதி வாசல் வந்தபோது பின்னால் ஒரு மேடு முளைத்தது. கொடியக்கா கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி நின்றார். “வலது பக்கம்... இன்னும் வலது... வாங்க, வாங்க, வந்துடுங்க, என் சாமி, வந்துடுங்க...” பொத்தானை விடவே இல்லை. அலை படகின் பின்புறத்தைத் தூக்கியது. மூக்கு தண்ணீரில் புதைந்தது. படகு சரிந்தது. ஒரு பக்க ஆட்கள் எல்லாம் மறுபக்கம் உருண்டார்கள். பிறகு அலை அதற்கு அடியில் நழுவி முன்னே ஓடியது. படகு மதிலுக்கு உள்பக்கம், பச்சைத் தண்ணீரில், குடித்தவன்போலத் தள்ளாடி நின்றது.

துறையில் எழுந்த கூச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. ஆட்கள் நீருக்குள் இறங்கி ஓடினார்கள். குழந்தை அழும் சத்தம் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை ஒருவர் கரையில் மண்ணைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினார்.

கொடியக்கா இறங்கவில்லை. “இன்னும் ஒரு படகு வெளிய இருக்கு சார்” என்றார்.

சற்று நேரத்தில் படிக்கட்டில் கனமான காலடி. டிரைவர். அந்த அறைக்கு அவர் ஏறி வந்து யாரும் பார்த்ததில்லையாம். தலை முதல் கால்வரை சொட்டச் சொட்ட, முழங்காலில் ரத்தக்கீறலோடு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சுவரோரம் ஒதுங்கினேன்.

“வெளிய யாரு?” என்றார்.

“வலைக்காரங்க ரெண்டு பேரு. சின்னப் படகு.”

கொடியக்கா கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாசலுக்கு அப்பால் மேடும் பள்ளமுமாகக் கிடந்த நீரில் அந்தச் சின்னப் படகைத் தேடிக்கொண்டிருந்தார். அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. திரும்பிப் பார்க்காமலே வலது காலைப் பின்னால் நீட்டி, அதன் காலில் குதிகாலை வைத்து, தரையில் கிறீச்சிடக் கணவர் பக்கம் தள்ளிவிட்டார்.