பாதிப் படத்துக்கு முழு விமர்சனம்

அன்று படக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் பதினொரு பேர். எண்ணியே சொல்கிறேன்.

வாசலில் ரிக்கற் கிழித்த யாசீன் நானா. ரீவிப் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த கிளாக்கர் ஐயா. உழவு மெஷின் ஓட்டும் அண்ணன் தம்பி இருவர். சந்தையில் மரக்கறி விற்கும் பூமணி அக்காவும் அவருடைய மூன்று பிள்ளைகளும். முன்வாங்கில் ஓரமாகச் சிவநேசன், பக்கத்தில் அவருடைய மனைவி மஞ்சுளா. பதினோராவது ஆள் நான்.

ஏன் இவ்வளவு கணக்காகச் சொல்கிறேன்? இப்போது நெடுங்கேணியில் யாரைக் கேட்டாலும் 'நானும் அங்கைதான் நிண்டனான்' என்கிறார்கள். நிற்கவில்லை. அவ்வளவு பேரும் நின்றிருந்தால் யாசீன் நானா கொட்டகைக்குப் புதுக் கூரை போட்டிருப்பார்.

இது நடந்தது போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறு, பின்னேரம் நாலு மணி. போன கிழமையே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மழையைப் பற்றி எழுதித் தப்பிக்கொண்டேன். பயம்... வேறு என்ன?

அதற்கு முந்திய கிழமை பத்திரிகையின் இந்த இடத்தில் ஒரு சீனப் படத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்திருப்பீர்கள். அடிதடியும் பகிடியும் கலந்த படம். கதாநாயகன் ஒரு சமையல்காரன். அகப்பையாலும் தாச்சியாலும் அடிப்பான். மாவுக்குள் விழுந்தெழும்பி வெள்ளைப் பேயாக ஓடுவான். கூடவே ஒரு சேவல் ஓடும். 'கவலையோடு போங்கள், வயிற்று நோவோடு வாருங்கள் — சிரித்த நோவு' என்று எழுதினேன். அத்தோடு விட்டேனா? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'மனதை நோகச் செய்யும் ஒரு காட்சிகூட இல்லை.'

அந்த வரியைத்தான் இப்போது ஒவ்வொரு நாளும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த தொழில் சைக்கிள் திருத்துவது. கடையைப் பூட்டினால் மூன்று தரம் பூட்டை இழுத்துப் பார்த்து, பாதி வழியில் திரும்பி வந்து நாலாம் தரமும் இழுப்பேன். ஒட்டிய ரியூப்பைத் தண்ணீர் வாளிக்குள் ஒரு சுற்று முழுவதும் அமுக்கிப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. ஒரு குமிழி வந்தாலும் திரும்ப ஒட்டுவேன். அவசரப்படுகிறவர்கள் ஏசுவார்கள். ஏசட்டும்.

அப்படிப்பட்டவன் அந்தப் படத்தில் பார்த்தது... பாதி.

யாசீன் நானா அந்தப் படத்தின் சீடித் தட்டை வவுனியாவில் வாங்கி, ஓமந்தைச் சாவடியில் எல்லாச் சோதனையும் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டினார். சரியாக நடுப் படத்தில் ஜெனரேற்றர் இருமியது, பிறகு நின்றது. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. மிச்சமும் இப்படித்தான் ஓடும், நம்பி எழுதுங்கள் என்றார். கட்டுரை சனி காலை பஸ்ஸில் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். ரியூப் என்றால் யோசித்திருப்பேன். இது படம்தானே!

பத்திரிகை வந்த அன்றே மஞ்சுளா சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பின் ரயரில் காற்று இல்லை. கையில் பத்திரிகை.

சிவநேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து காடு வெட்டிக் காணி திருத்தியவர்களில் ஒருவர். மிதிவெடி எடுக்கிறவர்கள் வரும்வரை விதைப்புக் காலம் காத்து நிற்குமா? இங்கே ஒரு பழக்கம் உண்டு. மாட்டைக் கட்டிப் பார்ப்பார்கள். மாடு மேய்ந்து திரும்பினால் காணி நல்லது. பக்கத்துக் காணிக்காரர் சிவநேசனுக்கு அப்படித்தான் சொன்னார். என் மாடு மேய்ந்த காணி, ஒன்றும் இல்லை, இறங்கி வெட்டு என்றார். மாடு மேய்ந்தது கிழக்குப் பாதி. சிவநேசன் மண்வெட்டியோடு இறங்கியது மேற்குப் பாதி.

இடது கால், முழங்காலுக்குக் கீழே.

அது நடந்து எட்டு மாதம். எட்டு மாதமும் மனிதன் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. வவுனியாவில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பொய்க்காலுக்கு அளவெடுக்கிறார்கள். போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாராம். இப்போதுதான் மஞ்சுளா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முதலில் ஞாயிற்றுக்கிழமை ஒரு படம். ஊர்ச் சனத்துக்கு நடுவே இரண்டு மணித்தியாலம் இருந்து சிரித்துவிட்டால், அடுத்த நாள் பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அவரும் 'பாப்பம்' என்று சொல்லியிருக்கிறார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக 'மாட்டன்' என்று சொல்லாமல் 'பாப்பம்'.

ரியூப்பை வாளிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணை, அந்தப் படத்தில கால் சம்பந்தமா ஒண்டும் வராதுதானே?"

"ஒண்டும் வராது, பிள்ளை. பயப்படாமல் கூட்டிக்கொண்டு வா."

சொல்லும்போது என் கண் தண்ணீரில் இருந்தது. குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிக் கொட்டகை. படம் பேசுவது சீனம். கீழே ஓடுவது இங்கிலிஸ் எழுத்து. அதைப் பார்த்துப் பார்த்து உடனுக்குடன் தமிழில் சொல்வது கிளாக்கர் ஐயாவின் வேலை. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருடம் கடிதம் எழுதியவர். ஆகவே அவர் வாயில் சீனச் சண்டியனும் கந்தோர்த் தமிழில்தான் வெருட்டுவான். 'இத்தால் உனக்கு அறியத் தருவது யாதெனில், உன் பல்லை உடைக்கப் போகிறேன்.' பாதிச் சனம் படம் பார்க்க வருவதே இதைக் கேட்கத்தான்.

சிவநேசன் சிரித்தார். முதலில் மூக்கால். பிறகு வாய் திறந்து. சேவல் முதலாளியின் தொப்பிக்குள் எச்சம் போட்ட இடத்தில் தொடையில் அடித்துச் சிரித்தார். மஞ்சுளா அவர் தலைக்கு மேலால் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வைத்துக்கொண்டேன். ஓர் எழுத்துக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

பாதி முடிந்தது. இனி எனக்கும் அது புதுப் படம்.

சேவல் ஒரு வெளிக்குள் ஓடுகிறது. பின்னால் சமையல்காரன். அவன் பின்னால் சண்டியர்கள். வெளியின் ஓரத்தில் ஒரு பலகை. அதில் மண்டையோடு. அதை வாசிக்க நமக்கு இங்கிலிசும் வேண்டாம், சீனமும் வேண்டாம்.

முதல் சண்டியன் மிதித்தான். வெடித்தது. புகைக்குள்ளிருந்து முகம் கறுத்து, பிய்ந்த சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் துள்ளி வந்தான். அடுத்தவனும் மிதித்தான். அவனும் துள்ளினான். கடைசியில் ஐந்து பேர் வரிசையாக, பாட்டுக்குத் துள்ளுவதுபோல...

பூமணி அக்காவின் பிள்ளைகள் சிரித்தார்கள். பிள்ளைகள்தானே. அக்கா ஒன்றின் வாயைப் பொத்தினார். மூன்று வாய்க்கு இரண்டு கைதான் இருந்தது.

கிளாக்கர் ஐயா எழுத்துக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மணல் அதிகமாகச் சுடுகிறதாம், ஆகவேதான் துள்ளுகிறார்களாம் என்றார். முப்பது வருடத்தில் அந்த மனிதன் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். மணல் என்றால் ஏன் வெடிக்கிறது என்று சின்னப் பிள்ளை கேட்டது.

சிவநேசன் திரும்பாமலே பேசினார். சத்தம் போடவில்லை.

"கிளாக்கர் ஐயா, உள்ளதை வாசியுங்கோ."

கிளாக்கர் ஐயா வாசித்தார். கந்தோர்த் தமிழ் இல்லாமல், எங்களைப் போலவே வாசித்தார். "'நில்லடா, உதுக்குள்ள மிதிவெடி' எண்டு சொல்லுறான்."

யாசீன் நானா ஜெனரேற்றரை நிறுத்த ஓடினார். சிவநேசன் கை காட்டி மறித்தார். போட்டது போட்டபடி முடியட்டும் என்றார். முடிந்தது. சமையல்காரன் வென்றான். சேவலும் பிழைத்தது. கொட்டகைக்குள் ஜெனரேற்றர் சத்தம் மட்டும்.

வாசலில் யாசீன் நானா ரிக்கற் காசை நீட்டிக்கொண்டு நின்றார். நல்ல மனிதன். ஊரைவிட்டுப் போகச் சொன்னதால் போய், பத்து வருடத்துக்கு மேல் வெளியே கிடந்து திரும்பி வந்தவர். யாருடைய முகமாவது சுருங்கினால் அவருக்குத் தாங்காது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறேன் என்று உண்மை முழுவதையும் கொட்டிவிட்டார்.

"தம்பி, பிழை என்ட பக்கம்தான். அண்டைக்கு எண்ணெய் முடிஞ்சு போச்சு. எழுதின இந்த அண்ணருக்குப் பாதிதான் காட்டினனான்."

சிவநேசன் காசை வாங்கவில்லை. ஊன்றுகோலைக் கக்கத்தில் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"பாதி பாத்திட்டோ எழுதினனீங்கள்?"

"ஓம்."

"காணியைப் பாத்துச் சொன்னவரும் பாதிதான் அண்ணை பாத்தவர்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன்.

மறுநாள் காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நான் போய் நின்றேன். எனக்குப் பயணம் இல்லை. மஞ்சுளா தனியாகச் சைக்கிளில் வந்தாள். அவர் வரவில்லை, திரும்பவும் சுவர்ப் பக்கம் படுத்துவிட்டார் என்றாள். என்னில் பிழை சொல்லுவாள் என்று பார்த்தேன். ரியூப் நன்றாக நிற்கிறது, காற்றே இறங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனேன். இரண்டு ரிக்கற் காசு நாற்பது ரூபாயை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கால் மாறி மாறிப் படலையில் நின்று... பார்த்தீர்களா, இந்த மொழியில் கால் இல்லாமல் ஒரு வரி எழுத முடியவில்லை.

சிவநேசன் எழும்பி உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவர் படத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"முதல் பாதி நல்லம். நீங்கள் எழுதினது சரி. அந்தச் சேவலை மறக்கேலாது." போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "ஆனா மிதிச்சவனுக்கு வெடிச் சத்தம் கேளாது அண்ணை. தூரத்தில நிக்கிறவனுக்குத்தான் கேக்கும். அதைச் சீனனுக்கு ஆரும் சொல்லேல்லை."

பிறகு இன்னும் மெதுவாக: "அதோட, அவங்கள் அஞ்சு பேரும் உடனை எழும்பி நிக்கிறாங்கள்."

பத்து வருடமாகப் படம் பார்த்து எழுதுகிறேன். இதைவிட நேர்மையான விமர்சனம் நான் எழுதியதில்லை. வேறு யாரும் எழுதி நான் வாசித்ததும் இல்லை.

நாற்பது ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை. தலையை ஆட்டிக் கணக்குச் சொன்னார். பாதிப் படம் நல்லது, அதற்கு அவர் காசு கேட்கமாட்டார். பார்க்காமல் எழுதிய பாதிக்குத்தான் நான் பொறுப்பு. ஆகவே இருபது. சரி என்று இருபதைப் பிரித்து நீட்டினேன். அதையும் வாங்கவில்லை.

"இப்ப வேண்டாம். நான் கால் அளவெடுக்கப் போற அண்டைக்கு பஸ்ஸடியில வைச்சுத் தாங்கோ. பாதி வழி, புளியங்குளம் வரைக்கும் போகக் காணும்."

"எண்டைக்குத் தம்பி போறீர்?"

சிவநேசன் சுவரைப் பார்த்தார்.

நாம் எல்லோரும் இப்படித்தான் இருக்கிறோமா என்று ஒரு யோசனை. பாதை திறந்திருக்கிறது, பயமில்லை, வரலாம் என்கிறோம். இனி ஒன்றும் வராது என்கிறோம். சொல்கிறவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அந்தப் பக்கத்துக் காணிக்காரர் இன்றைக்கும் மாடு கட்டப் போவதில்லை என்கிறார்கள். எனக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எண்ணெய் முடிந்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் மிச்சப் பாதியில் இறங்குவது எப்போதும் வேறொருவர்.

யாசீன் நானா இப்போது ஒவ்வொரு தட்டையும் கடைசி எழுத்து ஓடி முடியும்வரை தனியாக இருந்து பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். நல்லது. நானும் ஒரு திருத்தம் போட வேண்டும். இதோ போடுகிறேன்: அந்தச் சீனப் படத்தில் மனதை நோகச் செய்யும் காட்சி உண்டு. இரண்டாம் பாதியில்.

அதற்குப் பிறகு இன்னொரு திங்கட்கிழமையும் வந்து போய்விட்டது. அன்றும் ஏழு மணிக்கு பஸ்ஸடியில் நின்றேன். ஏறுகிற நோக்கம் உண்டா என்று கொண்டக்ரர் கேட்டான். இல்லை என்றேன். சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொரு தரம்.

சிவநேசனுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது: இருபது ரூபாய்.